கொன்றவன் யார் என்று முதலிலேயே தெரிந்த பிறகு ‘டபுள் இண்டெம்னிட்டி’யில் பார்க்க என்ன இருக்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். நண்பர் சொன்னார் என்று 1944-இல் வந்த ‘டபுள் இண்டெம்னிட்டி’ படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் வால்டர் நெஃப் குண்டடி பட்ட தோளோடு நடுராத்திரியில் அலுவலகத்துக்கு வருகிறான். ஒலிப்பதிவுக் கருவியின் முன் உட்கார்ந்து, கொன்றது நான்தான், பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் கொன்றேன், இரண்டும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறான். படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் எதற்காக உட்கார வேண்டும், இதை ஏன் நுவார் என்கிற இருண்ட குற்றப்படங்களுக்கு முன்மாதிரி என்கிறார்கள், அப்படி ஒரு மோசடி நிஜத்தில் எடுபடுமா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. மாட்டிக்கொள்வான் என்று தெரிந்தே ஒருவனைக் கடைசிவரை பதைபதைப்போடு பார்க்கிறோமே, அது எப்படி என்பதுதான் நீங்கள் கேட்பது.

நான் ஆயுள் காப்பீட்டில் 31 வருஷம் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி மரண க்ளெய்ம் பிரிவில். வேலையில் சேர்ந்து ஆறாவது வருஷத்தில் ஒரு திரைப்படச் சங்கத்தின் திரையிடலில் இந்தப் படத்தை முதல்முறை பார்த்தேன். அப்புறம் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. க்ளெய்ம் சம்பந்தமாகச் சொல்வதை அனுபவத்தை வைத்து உறுதியாகச் சொல்கிறேன். அந்தக் கால அமெரிக்கச் சட்டமும் படம் எடுக்கப்பட்ட வரலாறும் படித்துத் தெரிந்துகொண்டவை. பாத்திரங்களின் மனசைப் பற்றிச் சொல்வது என் வாசிப்பு மட்டும். நீங்கள் வேறு மாதிரி வாசித்தால் அதுவும் நியாயம்தான்.

தலைப்பிலிருந்தே தொடங்கலாம். குறிப்பிட்ட சில விபத்துகளில் இறந்தால் பாலிசித் தொகையை இரட்டிப்பாகத் தருகிறோம் என்ற ஷரத்துக்குத்தான் அமெரிக்காவில் டபுள் இண்டெம்னிட்டி என்று பெயர். நம் ஊர் ஆயுள் பாலிசிகளில் ‘விபத்துப் பலன்’ என்று சேர்த்துக்கொள்கிறோமே, அதற்கு அண்ணன் முறை. படத்தில் நெஃப் இதை ஃபிலிஸுக்கு, அவன் கொலை செய்யக் காரணமான அந்தப் பெண்ணுக்கு, விளக்கும் விதத்தைக் கவனியுங்கள். அநேகமாக நடக்கவே நடக்காத விபத்துகளுக்குத்தான் கம்பெனி இரட்டிப்பு தருகிறது, உதாரணமாக ரயிலில் போகும்போது சாவது என்கிறான். வாடிக்கையாளரை இழுப்பதற்காக வைத்த சலுகை அது. சாதாரண விபத்துக்கு 50,000 டாலர், ரயில் விபத்துக்கு 1,00,000 டாலர். அந்த இரண்டாவது தொகைக்கு ஆசைப்பட்டுத்தான் ஃபிலிஸின் கணவர் டீட்ரிக்சன் ரயிலில்தான் சாக வேண்டும் என்று நெஃப் பிடிவாதம் பிடிக்கிறான். தொழில் தெரிந்தவனின் பேராசை அது. வெளியாள் ஒருவன் இந்தக் கொலையைத் திட்டமிட்டிருந்தால் 50,000 போதும் என்று இருந்திருப்பான்.

இதற்கு மூலமாக ஒரு நிஜ வழக்கு உண்டு. 1927 மார்ச்சில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ரூத் ஸ்னைடர் என்ற பெண், ஜட் கிரே என்ற உள்ளாடை விற்பனைப் பிரதிநிதியோடு சேர்ந்து கணவர் ஆல்பர்ட் ஸ்னைடரைக் கொன்றார். அதற்கு முன் கணவர் பெயரில் இரட்டிப்புத் தொகை ஷரத்தோடு பாலிசி எடுக்கப்பட்டிருந்தது. 1928 ஜனவரி 12 அன்று சிங் சிங் சிறையில் இருவருக்கும் மின்சார நாற்காலி. ரூத்தின் கடைசி நொடியை டாம் ஹோவர்ட் என்ற புகைப்படக்காரர் கணுக்காலில் கட்டி மறைத்துக் கொண்டுபோன கேமராவில் எடுத்துவிட, ‘டெய்லி நியூஸ்’ அதை முதல் பக்கத்தில் போட்டது. நியூயார்க் பத்திரிகை உலகில் இருந்த ஜேம்ஸ் எம். கெய்ன் அந்த வழக்கிலிருந்து ஒரு குறுநாவலை உருவாக்கினார். 1936-இல் ‘லிபர்ட்டி’ பத்திரிகையில் அது தொடராக வந்தது. அவர் செய்த பெரிய மாற்றம், காதலனை இன்சூரன்ஸ் ஏஜென்டாக்கியதுதான். நிஜ வழக்கில் இருவரும் விசாரணையைத் தாக்குப்பிடிக்க முடியாத கத்துக்குட்டிகள். கெய்னின் ஆளுக்கு ஓட்டை எங்கே இருக்கிறது, அதை அடைப்பவர் எப்படி யோசிப்பார் என்பதெல்லாம் தெரியும். அந்த ஒரு மாற்றத்தால் கதை வேறு தளத்துக்குப் போய்விட்டது.

சரி, மோசடி எடுபடுமா? விபத்து பாலிசி வேண்டாம் என்று சொல்லிவிட்ட டீட்ரிக்சனிடம், கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கும் படிவம், இரண்டு பிரதி, இதிலும் ஒரு கையெழுத்து என்று சொல்லி நெஃப் வாங்கிவிடுகிறான். இரண்டாவதாக அவர் கையெழுத்திட்டது விபத்து பாலிசிக்கான விண்ணப்பம். முதல் மனைவியின் மகள் லோலா அதே அறையில் இருக்கிறாள். நாளைக்கு ஒரு சாட்சி வேண்டும் என்பதால் அவள் அங்கே இருப்பதும் ஏற்பாடுதான். இந்தக் காட்சி எனக்கு வயிற்றைப் பிசையும். எங்கள் தொழிலில் நிஜமாக நடக்கக்கூடியது இதுதான். ஏஜென்ட் விரலை வைத்துக் காட்டும் இடத்தில் ஜனங்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். மேலே என்ன அச்சாகியிருக்கிறது என்று படிப்பவர்கள் குறைவு. ஆனால் பாலிசி எடுப்பது ஒன்று, பணம் வாங்குவது வேறொன்று. சம்பந்தப்பட்டவருக்கே தெரியாமல் ஏமாற்றி எடுத்தது என்று நிரூபணமானால் அந்த பாலிசி செல்லாது. கொன்றவருக்கே காப்பீட்டுப் பணம் போகக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1886-லேயே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. நம் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25-ஆவது பிரிவும் கொலை செய்தவருக்குக் கொல்லப்பட்டவரின் சொத்தில் உரிமை இல்லை என்கிறது. ஆக, கொலை என்று தெரியாதவரைதான் பணம்.

அப்படியென்றால் சண்டை முழுக்க அது கொலையா இல்லையா என்பதில். இங்கேதான் பார்ட்டன் கீஸ் வருகிறார். க்ளெய்ம் மேலாளர், நடித்தவர் எட்வர்ட் ஜி. ராபின்சன். அதுவரை பல படங்களில் தலைமைப் பாத்திரம் செய்தவர், இதில் மூன்றாவது பெயராக வர ஒப்புக்கொண்டார். அவருடைய முதல் காட்சியை எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை இருந்தது. தன் லாரிக்குத் தானே தீ வைத்துவிட்டுப் பணம் கேட்டு வந்த கார்லோபிஸ் என்ற பெரிய உடம்புக்காரரை உட்கார வைத்துப் பேசிப் பேசியே உண்மையைக் கக்க வைத்து, உரிமை எதுவும் இல்லை என்று எழுதி வாங்குகிறார். அந்த மனிதர் தடுமாறிப்போய்க் கதவைத் திறக்கத் தெரியாதவர்போல் நிற்க, பிடியை இப்படித் திருப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார். கையில் சுருட்டு, பாக்கெட்டில் தீப்பெட்டி கிடையாது. நெஃப் தன் கட்டைவிரல் நகத்தால் தீக்குச்சியைக் கிழித்துப் பற்ற வைக்கிறான். இந்தத் தீக்குச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனித் தலைவர் நார்ட்டன், டீட்ரிக்சனின் சாவைத் தற்கொலை என்று சாதிக்கப் பார்க்கிறார். விபத்து பாலிசியில் தற்கொலைக்குப் பணம் கிடையாது. அப்போது கீஸ் பொரிந்து தள்ளுகிறாரே, அந்தப் பேச்சை மறந்திருக்க மாட்டீர்கள். தற்கொலைக்கு மட்டுமே பத்துத் தொகுதி புள்ளிவிவரம் இருக்கிறது. இனவாரியாக, தொழில்வாரியாக, பருவவாரியாக, விஷம், துப்பாக்கி, குதித்தல் என்று முறைவாரியாக. ஆனால் ஓடும் ரயிலின் பின்முனையிலிருந்து குதித்துத் தற்கொலை செய்துகொண்டதாக ஒரே ஒரு கேஸ்கூடக் கிடையாது. அதுவும் அந்த இடத்தில் ரயில் போன வேகம் மணிக்கு 15 மைல் என்கிறார். சினிமாவுக்காகக் கூட்டிச் சொன்ன பேச்சுதான். ஆனால் அடிப்படை சரியானது. க்ளெய்ம் பார்க்கிறவன் நடந்திருக்க முடியுமா என்று கேட்பதில்லை. இது வழக்கமா, இந்த வயசில், இந்த ஊரில், இந்த வேலை செய்கிறவர் இப்படிச் சாவது வழக்கமா என்றுதான் கேட்பான். நம்மூரில் பாலிசி எடுத்து மூன்று வருஷத்துக்குள் மரணம் என்றால் ஃபைல் தானாகவே விசாரணைக்குப் போகும். காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு மூன்று வருஷத்துக்கு அப்புறம் பாலிசியைக் கேள்வி கேட்க விடாது. 2015-இல் சட்டத்தைத் திருத்துவதற்கு முன் இது இரண்டு வருஷமாக இருந்தது. படத்தில் பாலிசி எடுத்து ஒரு சில வாரத்தில் சாவு. எங்கள் மேசைக்கு வந்திருந்தால் முதல் நாளே சிவப்பு மையில் குறித்திருப்போம்.

தனக்குள் ஒரு குட்டி மனிதன் இருக்கிறான், கேஸ் பொய்யென்றால் அவன் வயிற்றில் முடிச்சுப் போட்டுவிடுவான், சாப்பாடு இறங்காது என்று கீஸ் சொல்வார். பலருக்கு இது திரைக்கதை எழுத்தாளரின் கற்பனையாகத் தோன்றும். எனக்கு அப்படியில்லை. பதினான்கு மாதமான பாலிசி ஒன்று, கிணற்றில் தவறி விழுந்து இறந்ததாக என் மேசைக்கு வந்தது. முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று என எல்லாம் அடுக்கி, ஓரம் மடியாமல், நகல் எடுத்து இணைத்திருந்தது. துக்க வீட்டுக்காரர்கள் கொண்டுவரும் காகிதத்தில் எப்போதும் ஏதாவது ஒன்று குறையும். ஒன்றில் இனிஷியல் மாறியிருக்கும், ஒன்றில் காபி கறை இருக்கும். இதில் எதுவும் இல்லை. இரண்டு நாள் அதைச் சுற்றியே வந்தேன். மூன்றாம் நாள் அவர் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிய பத்திரத்தின் நகலைத் தருவித்துப் பார்த்தால் அதில் கைநாட்டு. பாலிசி விண்ணப்பத்திலோ முத்து முத்தாகத் தமிழில் கையெழுத்து. அந்த மனிதருக்குத் தன் பெயரில் பாலிசி இருப்பதே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அன்றைக்கு ராத்திரி எனக்கு இந்தப் படம்தான் ஞாபகம் வந்தது.

ஏனென்றால் கீஸ் பிடிக்கும் நூலும் இதே நூல். ரயிலுக்குப் போவதற்கு முன் டீட்ரிக்சனுக்குக் கால் முறிகிறது. முதலில் திட்டமே பாழாகிவிட்டது என்று பயப்படுகிறார்கள். பயணம் ரத்தாகவில்லை என்றதும் அதே முறிந்த கால் அதிர்ஷ்டமாகிவிடுகிறது. காலில் கட்டு, கக்கத்தில் ஊன்றுகோல் என்று வந்தால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அவரைக் காரிலேயே கொன்றுவிட்டு, நெஃப் அவரைப் போல வேஷம் போட்டு ரயிலேறுவது அதனால்தான் சாத்தியமாகிறது. அப்புறம் ஒரு ராத்திரி கீஸ் வயிற்றெரிச்சலோடு நெஃபின் வீட்டுக்கு வந்து கேட்கிறார்: விபத்து பாலிசி வைத்திருந்த மனிதனுக்குக் கால் முறிந்திருக்கிறது, ஏன் அதற்கு க்ளெய்ம் கேட்கவில்லை? யோசித்துக்கொண்டே, ஒருவேளை தனக்குப் பாலிசி இருப்பதே அவருக்குத் தெரியாதோ என்று சரியான இடத்துக்கு வந்துவிடுகிறார். வந்த அடுத்த நொடியே, இல்லை இல்லை, நீதானே நேரில் போய்ப் பாலிசியைக் கொடுத்தாய், செக்கையும் வாங்கினாய் என்று தானே அதைத் தள்ளிவிடுகிறார். ஆமாம் என்கிறான் நெஃப். கொலைகாரர்களுக்கு உதவிய அதே முறிந்த கால்தான் அவர்களைக் காட்டியும் கொடுக்கிறது. நடந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பவர்கள் நிறையப் பேர். நடந்திருக்க வேண்டிய ஒன்று நடக்கவில்லையே என்று கவனிக்கிறவர் கீஸ். அப்படிப்பட்டவருக்கும் ஒரு இடத்தில் கண் மறைத்துவிட்டது. நெஃப் மேல் வைத்த நம்பிக்கைதான் மறைத்தது.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. நெஃப் பேசிக்கொண்டிருப்பது போலீசிடமோ நம்மிடமோ இல்லை. 1938 ஜூலை 16 என்று தேதி சொல்லி, பார்ட்டன் கீஸுக்கு அலுவலகக் குறிப்பு என்று ஆரம்பிக்கிறான். முழுப்படமும் கீஸுக்கு அவன் எழுதும் கடிதம். கொன்றது யார் என்பது நமக்குத் தெரியும். கீஸுக்கு எப்போது தெரியும், தெரியும்போது அவருக்கு எப்படி வலிக்கும் என்பதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறோம். அந்த ராத்திரிக் காட்சியே பாருங்கள். கீஸ் உள்ளே இருக்கும்போது ஃபிலிஸ் வந்துகொண்டிருக்கிறாள். வெளியிலிருந்து குரல் கேட்டு நிற்கிறாள். கீஸ் கிளம்பும்போது திறந்த கதவுக்குப் பின்னால் ஒளிகிறாள். லிஃப்ட் பக்கம் போன கீஸ் சுருட்டுக்குத் தீ வேண்டும் என்று திரும்பி வருகிறார். கதவுக்கு இந்தப் பக்கம் தன்னை நம்புகிற மனிதர், அந்தப் பக்கம் கூட்டாளி, நடுவில் தீக்குச்சியைக் கிழிக்கும் நெஃப். அடுக்குமாடி வீட்டுக் கதவு இப்படி நடைபாதைப் பக்கமாகத் திறக்காது என்பது உண்மைதான், பலரும் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றியதில்லை. அந்தக் கதவு அப்படித் திறக்காவிட்டால் அந்த மூன்று பேரையும் ஒரே ஃபிரேமில் பார்த்திருக்க முடியாது.

நாம் எவ்வளவு தூரம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று காட்டும் இடம் இன்னொன்று உண்டு. பிணத்தைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டுக் காரில் ஏறுகிறார்கள். கார் கிளம்பவில்லை. ஃபிலிஸ் சாவியைத் திருகுகிறாள், எஞ்சின் முனகுகிறது, நின்றுவிடுகிறது. நெஃப் கையை நீட்டித் திருகுகிறான், பிடித்துக்கொள்கிறது. அது பிடித்ததும் நாமும் மூச்சு விடுகிறோம். கொலைகாரர்கள் தப்ப வேண்டும் என்று நாமே வேண்டிக்கொண்டிருந்திருக்கிறோம். காட்சியை எடுத்து முடித்துக் கிளம்பியபோது தன் கார் மக்கர் செய்ததாகவும், ஓடிவந்து இந்தக் காட்சியைச் சேர்த்ததாகவும் இயக்குநர் பில்லி வைல்டர் பின்னாளில் சொன்னார். வைல்டர் சுவையாகக் கதை சொல்கிறவர் என்பதால், அதை அவர் சொன்னது என்ற அளவில் வைத்துக்கொள்கிறேன். இதற்குச் சற்று முன்னால் கொலை நடக்கிறதே, அங்கே கேமரா கொலையைக் காட்டுவதே இல்லை. ஃபிலிஸ் சைகையாக மூன்று முறை ஹாரன் அடிக்கிறாள். பின்சீட்டில் ஒளிந்திருந்த நெஃப் எழுகிறான். நாம் பார்ப்பது ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் ஃபிலிஸின், அதாவது பார்பரா ஸ்டான்விக்கின், முகத்தை மட்டும். கண் சாலையிலேயே இருக்கிறது. முகத்தில் லேசாக ஒரு நிறைவு.

அந்த முகத்தைப் பற்றித்தான் எனக்கு இன்றுவரை தீராத ஒரு சந்தேகம். கடைசியில் இருட்டறையில் அவள் நெஃபைச் சுடுகிறாள். இரண்டாவது குண்டைச் சுட முடியவில்லை. நான் யாரையும் நேசித்ததில்லை, உன்னையும்தான், ஆனால் ஒரு நிமிஷத்துக்கு முன் சுட முடியாமல் போனதே, அதுவரைக்கும் என்கிறாள். அவன் நம்பவில்லை. அணைத்தபடியே சுட்டுவிடுகிறான். அவள் சொன்னது உண்மையா? பொய் என்பவர்கள், லோலாவின் அம்மாவுக்கு நர்ஸாக வந்து அவரையே சாகவிட்டவள், இந்த நொடியில் மட்டும் மாறுவாளா என்று கேட்பார்கள். உண்மை என்பவர்கள், பொய்யென்றால் துப்பாக்கியை ஏன் கையைவிட்டுக் கொடுத்தாள் என்பார்கள். படத்தில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது. சுட முடியாமல் போனதில் அவளுக்கே ஆச்சரியம், அந்த ஆச்சரியத்துக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே பெயர் காதல் என்றுதான் எனக்குப் படுகிறது. கெய்னின் நாவலில் முடிவே வேறு: இருவரும் கப்பலில் போகும்போது கடலில் குதித்துச் சாகத் தயாராகிறார்கள். படத்தின் முடிவு அதைவிட நூறு மடங்கு நல்ல முடிவு.

அந்த மாற்றத்தில் துப்பறியும் நாவலாசிரியர் ரேமண்ட் சாண்ட்லருக்குப் பெரிய பங்கு. வைல்டருடன் வழக்கமாக எழுதும் சார்லஸ் பிராக்கெட் கதை பிடிக்காமல் ஒதுங்கிக்கொண்டதால் சாண்ட்லரை அழைத்தார்கள். அவருக்கு அதுதான் முதல் திரைக்கதை; வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. இருவருக்கும் ஒத்தே போகவில்லை. ஆனால் கெய்னின் வசனம் கண்ணால் படிக்க நன்றாக இருக்கும், காதுக்கு உதவாது என்று சாண்ட்லர் சொன்னது சரியாகப் போயிற்று. நடிகர்களை வைத்துப் படிக்கச் சொல்லிப் பார்த்தபோது வைல்டரும் ஒப்புக்கொண்டார். சாண்ட்லர் படத்தில் சில நொடி தலைகாட்டவும் செய்கிறார். கீஸின் அறையிலிருந்து நெஃப் வெளியே வரும்போது, நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டு, போகிறவனை நிமிர்ந்து பார்ப்பவர் அவர்தான்.

நுவார் என்ற பெயருக்கு வருகிறேன். இதை எடுத்தவர்கள் யாரும் நுவார் எடுக்கிறோம் என்று நினைக்கவில்லை, அந்தச் சொல்லே ஹாலிவுட்டில் இல்லை. போர்க்காலத்தில் பிரான்சுக்கு அமெரிக்கப் படங்கள் வரவில்லை. 1946-இல் மொத்தமாக வந்து இறங்கியபோது அவற்றில் சிலவற்றின் இருட்டைப் பார்த்து நினோ ஃப்ராங்க் என்ற விமர்சகர் ‘கறுப்புப் படம்’ என்ற பொருளில் அப்படி எழுதினார். அந்தச் சிலவற்றில் இதுவும் ஒன்று. முன்மாதிரி என்று சொல்லக் காரணம், பின்னால் வந்த படங்கள் திரும்பத் திரும்பக் கையாண்ட பலவும் இதில் ஒன்றாகக் கிடைக்கின்றன: தன் வீழ்ச்சியைத் தானே சொல்லும் ஆண், அவனை இழுக்கும் பெண், பகலிலும் இருண்டு கிடக்கும் வீடு. இதைப் படம்பிடித்த ஜான் சைட்ஸ் மௌனப்பட காலத்திலிருந்தே பெயரெடுத்த ஒளிப்பதிவாளர். டீட்ரிக்சன் வீட்டு வரவேற்பறையில் ஜன்னல் பட்டிகளின் நிழல் நெஃபின் கோட்டில் வரிவரியாக விழுகிறது. வெளியே கலிஃபோர்னியாவின் கொளுத்தும் வெயில். உள்ளே அந்த வெயிலில் தூசி மிதக்கிறது. தூசி தெரிவதற்காக அலுமினியத் துகளைக் காற்றில் ஊதினார்கள். யாரோ பல நாளாக ஜன்னலைத் திறக்காத வீட்டுக்குள் நுழைந்த உணர்வு நமக்கு அதனால்தான் வருகிறது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினை விட்டு ஓடிவந்தவர் வைல்டர். ஜெர்மானியப் படங்களின் நிழல் அவர் வழியாக வந்தது என்று சொல்வார்கள். ஓரளவு இருக்கலாம், ஆனால் இதில் அந்த நிழலைவிட லாஸ் ஏஞ்சலஸின் சூப்பர் மார்க்கெட்டும் அலுவலக மேசைகளும்தான் எனக்குப் பயமூட்டுகின்றன. குழந்தை உணவு டப்பாக்கள் அடுக்கிய தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கொலையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இந்தப் படம் வரவே எட்டு வருஷத்துக்கு மேல் ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 1935-லேயே ஸ்டுடியோக்கள் கதையைக் கேட்டபோது, தணிக்கை விதிகளை நடத்திய ஜோசப் பிரீன் அலுவலகம் கூடாது என்று கடுமையாக எழுதிவிட்டது. 1943-இல் வைல்டர் எடுத்துக்கொண்டு போன வடிவம் தேறியது. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, ஒன்றுகூட வெல்லவில்லை. அது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான், ராபின்சன் பெயர் பரிந்துரையில்கூட இல்லை என்பது அதைவிடப் பெரிய வருத்தம்.

கடைசியாக, முடிவு சட்டென்று வந்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். வைல்டர் முதலில் எடுத்த முடிவு வேறு. நெஃப் விஷவாயு அறையில் சாவதையும், கண்ணாடிக்கு வெளியே கீஸ் நின்று பார்ப்பதையும் செலவு செய்து செட் போட்டுப் படமாக்கினார்கள். அதன் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. தணிக்கை அலுவலகம் அந்தக் காட்சி ரொம்பக் கொடூரமாக இருப்பதாகத் தயங்கியது. ஆனால் அதற்கு முந்தைய காட்சியிலேயே எல்லாம் முடிந்துவிட்டதால் இது தேவைப்படவில்லை என்பதுதான் வைல்டர் சொன்ன காரணம். இரண்டில் எது அதிகம் வேலை செய்தது என்று வெளியிலிருந்து தீர்மானிக்க முடியாது. வைல்டர் சொன்னது படத்தோடு பொருந்துகிறது என்று மட்டும் சொல்வேன். அந்த முந்தைய காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள். விடியும் நேரம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கீஸ் வாசலில் நிற்கிறார். எல்லை தாண்டப் போகிறேன் என்று கிளம்பிய நெஃப் வாசற்கதவு வரைக்கும் போய் விழுந்துவிடுகிறான். நீங்கள் தேடிய ஆள் உங்களுக்கு ரொம்பப் பக்கத்தில், எதிர் மேசையில் இருந்ததால்தான் தெரியவில்லை என்கிறான். அதைவிடப் பக்கத்தில் என்கிறார் கீஸ். நெஃப் ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்துத் தீக்குச்சியைக் கிழிக்கப் பார்க்கிறான், கை வரவில்லை. படம் முழுக்கத் தன்னிடம் தீப்பெட்டி வைத்துக்கொள்ளாத மனிதர் குனிந்து, அந்தக் குச்சியை வாங்கி, கிழித்து, அவனுக்குப் பற்ற வைக்கிறார்.